விழுப்புண்ணும் விண்ணப்பமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குதல் மரபு. நாமோ இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிப்பவர். ஆதலின் ஒரு கோப்பைப் பற்றியே பேச முற்படுகிறோம். ஆயினும் அக்கோப்பு நம் வீர மரபைச் சார்ந்ததேயாம்.

போரில் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றியவர் தமிழர். களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டனர். வீழாமல், காலோ கண்ணோ செவியோ குறைந்து வீடு திரும்பியவனுக்கு இன்றைய அரசு வழங்குவது ஊன ஓய்வூதியம். அதனைப் பெற வேண்டியவர் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மிடையே வாழ்கின்றனர். அவ்வூதியம் தாமதமாவதும் பிழைபடுவதும் எதனால், நாம் செய்யக் கூடுவது யாது என்பதே நம் பொருள்.

முன்னோர் பென்ஷனை உபகாரச் சம்பளம் என்றனர். உபகாரம் என்று எண்ணியதாலேயே, வந்தபோது வரட்டும், கொடுத்ததைக் கொடுக்கட்டும் என்று வாளாவிருந்து விடுகிறோம். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணைக் கொடையன்று, உரிமையே என்று தீர்ப்பளித்தது. உரிமையாயின் கணக்குக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

கணக்கைக் காண்போம். ஊன ஓய்வூதியத்தில் பணிக்கூறு, ஊனக்கூறு என இரண்டு உண்டு. முழு ஊனமாயின் ஊனக்கூறு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. குறைந்த ஊனத்திற்கு அவ்விகிதப்படி. 50 விழுக்காட்டிற்குக் குறைந்ததை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறையும் உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்க்கும் இம்முறை பொருந்தும் என்பதை 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஒருவர் கடைசி ஊதியம் 40,000 ரூபாய், ஊனம் 40 விழுக்காடு என்று கொள்வோம். உயர்த்தாமற் கணக்கிட்டால் ஊனக்கூறு 4,800, உயர்த்தினால் 6,000. மாதம் 1,200 ரூபாய் வேறுபாடு. பத்தாண்டில் 1,44,000 ரூபாய். அகவிலைப்படி இதில் சேரவில்லை. ஒரு மகளின் கல்லூரிப் படிப்பு இத்தொகையில் அடங்கலாம் அன்றோ? 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அதன்பின் விலகியோர் தமக்குரிய விதியைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

'இந்நோய் பணியால் விளைந்ததன்று' என்று எழுதி மறுப்பதும் உண்டு. தரம்வீர் சிங் என்பவர் 1985இல் படையிற் சேர்ந்து, 1994இல் 20 விழுக்காடு ஊனத்துடன் அனுப்பப்பட்டார், ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது குறை ஏதும் குறிக்கப்படவில்லையாயின், நோய் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அன்றென்று காட்டும் சுமை அரசினது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதி கிட்டியது, ஆனால் இடையில் 19 ஆண்டுகள் கழிந்தன.

நிற்க. பம்பாய்த் தமிழர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு, அது பெயர். சுப்பையா மகன் முத்தையா என்று ஒருவரை வைத்துக் கொள்வோம். படை ஏட்டில் அவர் எஸ். முத்தையா. இந்நகர வங்கி குடும்பப் பெயர் கேட்டமையால் முத்தையா சுப்பையா. ஆதாரில் சுப்பையா முத்தையா. மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அவர் மனைவி ஏட்டில் லட்சுமி, ஆதாரில் லெட்சுமி. கணவர் உள்ளபோது இஃது உறுத்துவதில்லை. அவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்கப் போகும் அம்மையாரை அந்த ஓர் எழுத்து மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

மேலும், ஏட்டில் உள்ள முகவரி நெல்லைச் சீமைக் கிராமமாக இருக்கும். குறை தெரிவிக்கும் கடிதம் பூட்டிய வீட்டின் வாயிலில் கிடக்க, நாம் தாராவியில் காத்திருப்போம்.

இப்பொழுது படை ஓய்வூதியம் பிரயாக்ராஜ் கணக்கு அலுவலகத்தின் வழி 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறையில் வழங்கப்படுகிறது. வங்கிகளிடமிருந்த விவரங்கள் அதற்கு மாறியபோது பழைய பிழைகளும் உடன் சென்றன. ஆண்டுக்கொரு முறை உயிர்ச்சான்று தரத் தவறினால் பணமும் நின்று போகும்.

தாமதம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் 2013இல் 6 இலட்சத்திற்கு மேற்பட்ட படைவீரர் விண்ணப்பங்கள் 125 நாள் கடந்தும் முடிவுறாமல் கிடந்தன. ஆவணங்கள் அனைத்தும் இணைத்து வரும் விண்ணப்பத்தை விரைந்து முடிக்க அங்கே தனி வழி வகுத்தனர். நமக்கும் அதுவே பாடம்.

ஆகவே நாம் வேண்டுவன சில. ஓய்வூதிய உத்தரவு, மருத்துவக் குழுவின் அறிக்கை, விலகற் சான்று ஆகியவற்றின் படிகளை ஓர் உறையில் வைத்திருங்கள். கணவரும் மனைவியும் உடனிருக்கும்போதே பெயரைத் திருத்துங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டினர் நீலகிரி வெலிங்டனிலுள்ள ஆவண அலுவலகத்திற்கு எழுதலாம். வாய்மொழியாகக் கேட்டு வந்ததற்குச் சாட்சியில்லை. எழுதுங்கள், தேதியிட்டுப் படி எடுத்து வையுங்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீடு உண்டு. அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இந்நகரிலேயே உண்டு. ஒவ்வொரு படிக்கும் காலவரையறை உள்ளமையால் மறுப்புக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

காலனியில் எழுத்தர் வேலை பார்ப்போர் பலர் உள்ளோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் அமர்ந்து, முன்னாள் வீரர்க்கும் அவர்தம் துணைவியர்க்கும் மனு எழுதித் தருவோம். இளைஞர்கள் கணினி வேலையைப் பார்த்துக் கொள்ளட்டும். பொன்னாடை போர்த்துவதைக் காட்டிலும் இஃது அவர்களுக்குப் பயன்படும். சங்கம் இதனை ஏற்கும் என்னும் நம்பிக்கையோடு அமர்கிறோம்.