கதையை விற்றவரும் கதைக்கு உரியவரும்

(பாசிக்குடாவில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மர்மக் கதையைப் பற்றிப் பேச அரசியல் மேடைக்காரருக்கு என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். தமிழர் போட்டியிட்டு வாசித்த மர்மக் கதைகளின் நாயகன் ஒரு வழக்கறிஞன் அன்றோ! அந்த உரிமை எமக்குப் போதும்.

சுஜாதா என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் 1935இல் சென்னையிற் பிறந்து, திருவரங்கத்தில் வளர்ந்தவர். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப் பொறியை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. (நாம் இன்றும் கடதாசியிலேதான் புள்ளடி இடுகிறோம். ஒழுங்காக எண்ணினால் அதுவே போதும்.) 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ கதையிலே கணேஷ் என்னும் வழக்கறிஞர் தோன்றினார். பின்னர் வசந்த் அவருக்குத் துணையானார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கொடுமையை நெஞ்சிற் கொண்டு ‘ஒரு லட்சம் புத்தகங்கள்’ என்ற சிறுகதையைத் தந்தவரும் இவரே. வெறும் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று அவரைத் தள்ளிவிடுதல் நன்றியன்று.

படவுலகம் அவரை விடவில்லை. 1977இல் ‘காயத்ரி’, 1978இல் ‘ப்ரியா’, 1981இல் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. இவற்றுள் ‘ப்ரியா’வைப் பாருங்கள். நாவலிலே கதை இலண்டனில் நடக்கிறது. படத்திலே சிங்கப்பூருக்குப் போய்விட்டது! ஏட்டிலே மூளையால் வழக்கை அவிழ்த்த கணேஷ், திரையிலே ரஜினிகாந்தாகி ஆடிப் பாடினார். படம் ஓடிற்று, பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. ஆயினும் நாவலை வாசித்தவர்கள் தாம் அறிந்த கணேஷைத் தேடிக் களைத்தார்கள். நாட்டார் பாடல் தேடி ஒரு கிராமத்துக்கு வரும் இளைஞனின் கதையான ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வோ, மட்டக்களப்பார் உரிமையோடு வாசிக்கத்தக்க கதை.

விற்ற கதையை வாங்கியவன் விரும்பியபடி வெட்டலாமா? இதுவே எமது கேள்வி. போடியார் வயலைக் குத்தகைக்குக் கொடுக்கிறார். விளைச்சல் குத்தகைகாரனுடையது. அதற்காக வரம்பை வெட்டி, வாய்க்காலைத் தூர்த்து, மண்ணை அள்ளி விற்க அவனுக்கு உரிமை உண்டா? ஊரே திரண்டு கேட்குமே! எழுத்தாளனுக்காகக் கேட்பவர் யார்?

சட்டம் கேட்கிறது. மன்னு பண்டாரி என்னும் இந்தி எழுத்தாளர், தம் நாவலைத் திரித்துப் படமாக்கினர் என்று வழக்குத் தொடுத்தார். உரிமையைக் கைமாற்றிய பின்னும், தன் படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் குலைப்பதைத் தடுக்கும் உரிமை எழுத்தாளருக்கு நிலைத்திருக்கும் என்று 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் கொண்டது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அத்தகைய உரிமையை எழுத்தாளருக்கு அளிக்கிறது. பொருளாதார உரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிற்கும்; ஆகவே பேரப்பிள்ளைகளுக்கும் இது காணியைப் போன்ற சொத்தே.

இது தமிழகத்தாரின் கவலை என்று இருந்துவிட வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டது, மக்கள் வாங்கினார்கள். அவற்றுள் ஒன்றான செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, நெடுந்தீவுக் கடற்றொழிலாளரின் கதை, 1978இல் இங்கேயே படமாயிற்று. அதே ஆண்டிலேதான் ‘ப்ரியா’வும் வந்தது. கதவு 1977இல் திறந்தது. போட்டி சமமாக இருக்கவில்லை. பின்னர் வந்த கலவரமும் போரும் எஞ்சியதையும் விழுங்கின.

இன்று பாசிக்குடாவின் ஆழமற்ற நீலக்கடலைப் படம்பிடிக்க வருவோர்க்குக் குறைவில்லை. இக்கரையில் வலை இழுப்பவரின் கதையையும் நாளை எவரேனும் தேடி வருவர். அன்று நம் இளைஞர், திரையிலே பெயர் வரும் என்ற மகிழ்ச்சியில், வாசியாமலே கையொப்பம் வைத்துவிடக்கூடாது. எத்தனை ஆண்டுக்கு, எந்த மொழிக்கு, எந்த வடிவத்துக்கு என்று உடன்படிக்கையில் எழுதியிருக்க வேண்டும். ‘சகல உரிமைகளும்’ என்ற இரண்டு சொற்களைக் கண்டால் பேனாவை மூடி வையுங்கள். அந்தக் கடதாசியை எம்மிடம் கொண்டுவாருங்கள். கிழக்கு மாகாணத்து எழுத்தாளர் எவராயினும், வாசித்துச் சொல்லக் கட்டணம் வாங்கமாட்டோம்.