சிறுவணிகரும் இடையறா விளம்பரமும்

 

தமிழ்ச் சமணர் வழிவழியாக உழவர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் ஏரும் நெல்லுமே குடும்பங்களைக் காத்து வந்தன. விளைந்த நெல்லைத் தரகர்கள் களத்திற்கே வந்து அளந்து சென்ற காலம் அது. தம்மிடம் நெல் இருக்கிறது என்று எவரும் தெருவில் நின்று கூவ வேண்டியிருந்ததில்லை. அந்த மரபில் வந்த பிள்ளைகள் இன்று செக்கெண்ணெய் ஆட்டுகிறார்கள், பட்டுப்புடவை விற்கிறார்கள், மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். ஆயினும் தம் சரக்கைத் தாமே எடுத்துரைப்பதில் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அது தற்புகழ்ச்சி ஆகிவிடுமோ, அறத்திற்குப் பொருந்தாதோ என்ற ஐயமும் சிலருக்கு உண்டு.

கடையில் இன்னது கிடைக்கும் என்று அறிவிப்பது தமிழர்க்குப் புதிதன்று. புகார் நகரில் அசைந்தாடிய கொடிகளை வகைப்படுத்தும் பட்டினப்பாலை, கள் விற்கும் இடத்துக் கொடியையும் விடாமல் சேர்த்துக்கொள்கிறது. இந்த அவையில் கள்ளுக்கடையைச் சான்று காட்ட நேர்ந்தது சற்றே சங்கடம்தான். ஆனால் அக்கொடியின் இயல்பு கருதத்தக்கது. கடை திறந்த அன்று மட்டும் பறந்துவிட்டு மறுநாள் இறக்கப்பட்ட கொடியாக இருந்தால் புலவர் கண்ணில் அது பட்டிருக்குமா?

இன்றைய சிறுவணிகர் பலர் செய்வது கொடியை மறுநாளே இறக்கும் வேலை. திறப்பு விழாவிற்கு வாழைமரம், ஒலிபெருக்கி, தெரு நீளத்திற்குப் பதாகை, பல்லாயிரம் துண்டறிக்கை எனப் பெரும்பொருள் செலவாகிறது. மூன்றாம் மாதம் கடையில் கூட்டமில்லை. விளம்பரத்திற்குக் கையில் காசும் இல்லை. ‘விளம்பரம் செய்து பார்த்தோம், பயனில்லை’ என்ற முடிவிற்கு வந்துவிடுகிறார்கள். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ரூ.60,000 கையில் இருந்தால் அதனை ஒரே நாளில் கரைக்கலாம், மாதம் ரூ.5,000 வீதம் ஓராண்டு முழுவதும் செலவிடவும் செய்யலாம். திறப்பு நாளில் துண்டறிக்கை பெற்ற இல்லத்தரசியின் வீட்டில் எண்ணெய்க் குடம் நிறைந்திருந்திருக்கும். அது தீரும் நாளில் துண்டறிக்கை எங்கே இருக்கும்? பழைய தாள் கட்டில். எண்ணெய் தீரும் நாள் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒவ்வொன்று. ஆகவே ஆண்டு முழுவதும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பவருக்கே அந்த நாள் வாய்க்கிறது.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன், 1983ஆம் ஆண்டில் ரூ.15,000 முதலீட்டில் ‘சிக்’ ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். ஷாம்பு என்பது புட்டியில் அடைத்து வசதியுள்ளோர் வாங்கும் பொருளாக இருந்த காலத்தில், அதனைச் சிறு உறைகளில் நிரப்பி எளியவர் கைக்கும் எட்டச் செய்தவர்களுள் ஒருவர் அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன். தந்தையின் பெயரையே சுருக்கி மகன் ‘சிக்’ என்றார். சந்தையில் அப்போது பெரிய நிறுவனங்கள் இருந்தன; அவருடைய சொந்த உடன்பிறந்தாரின் ‘வெல்வெட்’ ஷாம்புவும் இருந்தது. இந்தப் போட்டியில் பதினையாயிரம் ரூபாய்க்காரர் என்ன செய்ய முடியும்?

அவருடைய ஆட்கள் சிற்றூர்களுக்குச் சென்றார்கள். ஊரார் கூடிய இடத்தில் ஒரு சிறுவனை அழைத்து, அவன் தலையில் ஷாம்புவைத் தேய்த்துக் கழுவினார்கள். சுற்றி நின்றவர்களை அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். சிறு உறைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு அடுத்த ஊர். அங்கும் அதே சிறுவர் கூட்டம், அதே நீர்க்குடம், அதே சொற்கள். செய்பவருக்கு இது எவ்வளவு சலிப்பூட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் காண்கின்ற ஊருக்கு அதுவே முதல் காட்சி. விற்பவர் சலித்துப்போகும் வேளையில்தான் வாங்குபவர் கவனிக்கவே தொடங்குகிறார் என்பதைச் சிறுவணிகர் பலரும் உணர்வதில்லை.

அடுத்து ஒரு திட்டம் வந்தது. எந்த நிறுவனத்தின் உறையானாலும் ஐந்து வெற்றுறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார்கள். மக்கள் பழகிய பின்னர், சிக் உறைகளைக் கொடுத்தால் மட்டுமே இலவசம் என்று அதனை மாற்றினார்கள். பின்னர் மல்லிகை மணமும் ரோஜா மணமும் சேர்ந்தன. முறைகள் மாறின, பெயரும், சிறு உறையும், எளியவருக்கான விலையும் மாறவில்லை. அந்நிறுவனம் 1998இல் ‘கவின்கேர்’ ஆயிற்று. அழகைக் குறிக்கும் ‘கவின்’ என்னும் தமிழ்ச்சொல் அதில் அமைந்திருப்பது தமிழ் படித்தவர்க்குத் தனி மகிழ்ச்சி.

இனி அறத்தைப் பற்றிய ஐயத்திற்கு வருவோம். இதுவே தலையாய செய்தி. உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களாக ஐந்தினை எண்ணுகிறது. அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் கையாளுதல் அவற்றுள் ஒன்று. போலிச் சரக்கைக் கலந்து விற்றல் மற்றொன்று. வாய்மை விரதத்தின் குற்றங்களுள் பொய்யான அறிவுரை கூறுவதும் இடம்பெறுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமும் அந்த இடத்திற்கு வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையிலும் தண்டத்தொகை விதிக்கலாம். உள்ளதை உள்ளவாறு சொல்வதை நூலும் தடுக்கவில்லை, சட்டமும் தடுக்கவில்லை.

உள்ளவாறு சொல்வது எளிதன்று. பூண்டு, வெங்காயம் சேராத பொடி என்று உறையில் அச்சிட்ட ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். முதல் ஐம்பது கிலோவை அவரே அரைத்தார். தேவை பெருகியதும் வெளி ஆலையில் அரைக்கக் கொடுக்கிறார். அதே இயந்திரத்தில் சற்று முன்னர் பூண்டுப் பொடி அரைத்திருந்தால், உறையிலுள்ள சொல் பொய்யாகிவிடும். தேன் சேராத இனிப்பு என்று விற்பவருக்கும் இதே இக்கட்டு உண்டு. நோன்பிருக்கும் முதியவர் அந்தச் சொல்லை நம்பி உண்கிறார். ஒவ்வொரு முறையும் ஆலையைக் கழுவச் செய்து அருகில் நிற்க இயலுமானால் அச்சிடலாம். இயலாதெனில் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். விளம்பரம் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டுமானால் அதிலுள்ள சொல்லும் அவ்வளவு காலம் நின்றாக வேண்டுமல்லவா?

விழா மலர்களில் வரும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். ‘நல்வாழ்த்துகளுடன்’ என்று தொடங்கி உரிமையாளர் பெயரோடு முடிந்துவிடுகின்றன பல பக்கங்கள். அவர் விற்பது அரிசியா, ஆணியா என்று தெரிவதில்லை. அறக்கட்டளைக்கு நன்கொடை என்ற அளவில் அது நற்செயலே. இருப்பினும் கொடுத்த பணத்திற்குக் கடை இருக்கும் தெருவையும், கிடைக்கும் பொருளையும், திறந்திருக்கும் நேரத்தையும் மூன்று வரியில் சேர்த்தால் குறைந்தா போய்விடும்?

பெரும்பொருள் இல்லாதவர்க்கு ஒரு குறிப்பேடு போதும். வாங்குபவரின் பெயர், தொலைபேசி எண், வாங்கிய பொருள், நாள் ஆகியவற்றை அவர் இசைவோடு எழுதிவைக்க வேண்டும். மூன்று லிட்டர் எண்ணெய் ஒரு வீட்டிற்கு எத்தனை நாள் வரும் என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்; தீர்வதற்கு இரண்டு நாள் முன்னர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பலாம். நாள்தோறும் பத்துப் படங்கள் அனுப்புவது தொல்லை. அனுப்புபவரின் எண்ணை மக்கள் முடக்கிவிடுவார்கள். பட்டு விற்பவர் தை முகூர்த்தத்திற்கான செய்தியைத் தையில் சொல்லிப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையிலேயே சொல்லத் தொடங்க வேண்டும். புதிதாக வருபவரிடம் ‘கடையைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ என்று கேட்டு, அந்த விடையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நன்று. ஓராண்டு கழித்துப் புரட்டினால், எந்தச் செலவு ஆட்களைக் கொண்டுவந்தது, எது வீணாயிற்று என்பது கடைக்காரரின் கையெழுத்திலேயே இருக்கும். அடுத்த ஆண்டிற்கான தொகையை அதைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.