டப்பாவின் மேல் எழுதியிருந்த பெயர்



நேர்காணல்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஆவணக் காப்பகங்களில் பேணுவது பற்றிப் பேசப் பணித்தார்கள். பொதுவாகப் பேசினால் பத்தாவது நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். ஒரு மனிதரையும் அவர் சுமந்து திரிந்த கருவியையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டேவிட் போடர் 1886-இல் லாட்வியாவின் லீபாயாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் சிகாகோவில் உளவியல் பேராசிரியர். நாஜி முகாம்களைப் படம்பிடித்தவர்கள் பலர். அங்கிருந்து உயிர்தப்பியவர்களின் குரலை அவரவர் மொழியில் யாரும் பிடித்துவைக்கவில்லையே என்பது போடரின் கவலை. போர் முடிந்த மறு ஆண்டு, 1946 கோடையில், ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார்.

கையில் மார்வின் காம்ராஸ் உருவாக்கிய கம்பிப் பதிவுக் கருவி. ஒலிநாடா பரவலாவதற்கு முந்தைய காலம்; தலைமுடி போல மெல்லிய உருக்குக் கம்பியில் ஒலி பதியும். அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்! 200 சுருள்களோடு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி என்று அகதிகள் தங்கியிருந்த இடங்களாகத் தேடிப் போனார். ஒன்பது மொழிகள், ஏறத்தாழ 130 பேர், 90 மணி நேர ஒலி.

போடர் குறுக்கே பேசுவார். கேட்டதையே திரும்பக் கேட்பார். சில இடங்களில் நம்பமுடியாமல் மடக்குவார். நம் மாணவர் ஒருவர் இப்படிப் பேட்டி எடுத்து வந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். எனக்கு இந்தப் பதிவுகளில் விலைமதிப்பற்றதாகப் படுவது அந்தத் தடுமாற்றம்தான். நடந்ததற்கு அப்போது நிலைத்த ஒரு பெயர்கூட இல்லை. சொல்பவரிடம் பலமுறை சொல்லிப் பழகிய கதை இல்லை; கேட்பவரிடம் முன்கூட்டிய விடை இல்லை. ஆங்கிலத்தில் பெயர்த்தபோதும் பேச்சின் கோணல்களை நிமிர்த்தாமல் விட்டார் போடர். நாமோ, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கேள்விகளை உருவிவிட்டு, விக்கலையும் விம்மலையும் துடைத்துவிட்டு, எல்லாரையும் ஒரே நடையில் பேசவைத்துவிடுகிறோம்.

வீஸ்பாடனில் ஒரு பெண்ணின் பேட்டி முடிந்த பிறகும் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் யார் தீர்ப்புச் சொல்வது, என் வேலைக்கு யார் தீர்ப்புச் சொல்வது என்று அந்தக் கம்பியிடமே கேட்கிறார் போடர். 'பேட்டி முடிந்துவிட்டது' என்று அந்த இடத்தை யாரேனும் வெட்டியிருந்தால் கேட்டவரின் மனநிலை நமக்குத் தெரிந்தே இருக்காது.

1949-இல் எட்டுப் பேட்டிகள் மட்டும் நூலாக வந்தன. அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1961-இல் போடர் இறந்தார்.

அவர் பதிவுகளில் ஒரு சுருளைக் காணவில்லை. பிரான்ஸின் ஹெனோன்வில் அகதி முகாமில் பாடப்பட்ட பாடல்கள் அதில் இருந்தன. திருடுபோகவில்லை, தீப்பிடிக்கவில்லை. அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில், உளவியல் வரலாற்று மையத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. டப்பாவில் 'ஹெனோன்வில் பாடல்கள்' என்றே எழுதியிருந்தது. பட்டியலில் அது 'ஹெரோவில்' ஆகிவிட்டது. ஓரிரு எழுத்துப் பிசகு! இருப்பதை எண்முறைக்கு மாற்றும் வேலையின்போது கண்ணில் பட்டு, 2017-இல் செய்தி வெளிவந்தது. சுருள் கிடைத்தும் உடனே கேட்க முடியவில்லை. அதற்குப் பொருந்தும் கருவி கைவசம் இல்லை, பழைய கருவி ஒன்றை மாற்றியமைத்தார்கள். அதில் ஒரு பெண், கிராக்கவ் கெட்டோவின் நிலவறைகளில் பாடப்பட்ட பாடலை, முடிவில் சொல்லை மாற்றிப் பாடுகிறார்.

ஆக்ரன்காரர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. தொண்ணூறுகளில் காவிரிக் கரைப் பக்கம் நடவுப் பாட்டுச் சேகரிக்கப் போனபோது ஒரு மூதாட்டி எனக்காக முக்கால் மணி நேரம் பாடினார். கேசட் உறையில் நான் எழுதியது 'பாட்டி – 2'. ஊர் இல்லை, தேதி இல்லை, பேர் இல்லை. அன்று எல்லாம் நினைவிலிருந்தது. எழுதுவானேன் என்று இருந்துவிட்டேன். 'பாட்டி – 1' யாரென்றும் இப்போது தெரியவில்லை.

அந்தக் கேசட்டைப் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் ஒலிக்கவிடச் சொல்லியிருக்கிறேன். நடுவில் பேரனை ஒருமுறை அதட்டுவார். அவன் பெயர் அதில் தெளிவாகக் கேட்கும். காவிரிக் கரைப் பக்கத்துப் பிள்ளைகள் யாரேனும் இருந்தால் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.