கரிசல் வெயிலும் கார் ரேடியேட்டரும்

காரை எப்படி முறையாகப் பராமரிப்பது, பழுது பார்க்கும்போது ஆபத்து வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். டயர், பிரேக், ஆயில், பேட்டரி, ஏசி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போக வேண்டுமாம். பட்டறைக்காரன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு அப்படிச் சொன்னால் நடக்குமா? எனக்குப் பிடித்தது ரேடியேட்டர். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடித்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். விளாத்திகுளம் பக்கம் புதூர். சுற்றிலும் கரிசல் காடு. நிழல் என்று ஒதுங்கப் பார்த்தால் வேலிக்கருவைதான் கண்ணுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் தார்ரோட்டில் கால் வைக்க முடியாது. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வெயிலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கார் எஞ்சினுக்கு அதைவிடப் பகை வேண்டியதில்லை. என் பட்டறைக்குக் கட்டியிழுத்து வருகிற கார்களில் எஞ்சின் சூடேறி நின்றவைதான் அதிகம்.

அம்பாசிடர் ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார். கோவில்பட்டியிலிருந்து மதுரை போவதற்குள் எங்காவது ஒரு டீக்கடையில் நிறுத்தி, பானட்டைத் தூக்கி வைத்து, வண்டிக்குத் தண்ணீர், டிரைவருக்கு டீ. அந்தப் பழக்கம் காரோடு கூடவே பிறந்தது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவருக்கே சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு மான்ஹைம் ஊரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் ஊருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வழி நெடுகத் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடித்துக்கொண்டார். உலகத்தின் முதல் ரோட்டோர மெக்கானிக் அந்த அம்மாதான் என்று என் பட்டறைப் பையன்களிடம் சொல்வேன்.

இப்போதைய கார்களில் ரேடியேட்டர் மூடிய அமைப்பு. மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். அவ்வளவு அழுத்தம் வரும்வரை உள்ளே இருப்பதை வெளியே விடமாட்டேன் என்று அர்த்தம். பிரஷர் குக்கர் கணக்குத்தான். திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 மூடிக்கு அடியில் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடுதலாகத் தாங்கும். இதெல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தீர்கள் என்றால் அழுத்தம் ஒரே நொடியில் விடுபடும், 110 டிகிரியில் இருக்கிற தண்ணீரில் ஒரு பகுதி குபீரென்று ஆவியாகி, கொதிக்கிற தண்ணீரோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறக்கிறேன், காலால் தள்ளுகிறேன் என்கிற வித்தையெல்லாம் வேண்டாம். அரை மணி நேரமாவது பொறுங்கள். மேலே வருகிற ரப்பர் ஹோஸை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சூடு ஆறி, அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கினால்தான் மூடியில் கை வைக்கலாம். இன்னொன்று, பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். எஞ்சின்தான் நின்றுவிட்டதே என்று கையை உள்ளே விடாதீர்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஒருவர் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகத்தில் ஒரே சந்தோஷம். “அண்ணாச்சி, முள்ளு மேலே ஏறிக்கிட்டே இருந்துச்சு. பயந்துட்டேன். எட்டயபுரம் தாண்டுனதும் தன்னால கீழே இறங்கிருச்சு. அப்புறம் நிம்மதியா ஓட்டிட்டு வந்தேன்” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சூடு காட்டுகிற முள் அப்படிச் சும்மா இறங்காது, நேயர்களே. சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், முள் கீழே வந்துவிடும். அவர் நிம்மதியாக ஓட்டி வந்த தூரமெல்லாம் எஞ்சின் வெந்துகொண்டிருந்தது. ஆயில் மூடியைக் கழற்றிக் காட்டினேன். உள்பக்கம் பழுப்பு வெள்ளையாய் நுரை கட்டியிருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன. ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. முதலிலேயே ஓரங்கட்டியிருந்தால் ஒரு ஹோஸ் மாற்றுகிற செலவோடு முடிந்திருக்கும்.

இப்போது பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடேறினால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் பேரம் பேசாதீர்கள். ஏசியை அணைத்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஓரம் கட்ட இடம் இல்லை, பாலத்தின் நடுவில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது, சிரிக்காமல் கேளுங்கள்: ஹீட்டரை முழுக்கத் திறந்து விடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் புதூர் ரோட்டில் ஹீட்டரா என்பீர்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உங்கள் மேல் ஊதித் தள்ளும். வேர்த்துக் கொட்டும், ஆனால் இடம் பார்த்து நிறுத்துகிறவரை எஞ்சின் தாக்குப்பிடிக்கும். நிறுத்திய பிறகு கொதிக்கிற எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஹெட் வளையும், விரிசலும் விடும்.

சரி, எதை ஊற்றுவது? பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைத்துக் கொடுப்பார்கள். இப்போது வருவது அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கிற உப்பு அலுமினியத்தை அரிக்கும். சுண்ணாம்புச் சத்தோ சூட்டில் பிரிந்து குழாய்க்குள் படியும். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் பிடிக்கிறதே, அதேதான். ரேடியேட்டர் குழாய் சப்பையாக, குறுகலாக இருக்கும். அதற்குள் படிந்தால் கம்பி விட்டுக் குத்திக்கூட எடுக்க முடியாது. அதனால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட், இல்லையென்றால் கலந்தே வருகிற ரெடிமிக்ஸ். கெட்டியாக வருகிற கூலன்ட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு. தண்ணீர் அளவுக்கு அது சூட்டை வாங்காது. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்காரன் இஷ்டம். உங்கள் கார் கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். நடுக்காட்டில் தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டால்? குடிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து சேருங்கள், பட்டறையில் முழுக்க இறக்கிக் கழுவிக்கொள்ளலாம்.

இறக்குகிற பழைய கூலன்ட் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், விஷம். சட்டியில் பிடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனால் நாய் நக்கும், ஆடு குடிக்கும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். வாய்க்காலிலும் விடாதீர்கள். மூடி போட்ட கேனில் அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்டு வந்த விஷயத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட். பெரிய எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்னச் சிமிழ், அதற்குள் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகிற வழியை அது அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்பதற்காக. வேண்டிய சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

வேலைக்கு வருகிற பையனுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஸ்டவ்வில் ஒரு சட்டித் தண்ணீரை வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை நிறுத்துவேன். அதன் மேல் 82 என்று பொறித்திருக்கும். எழுபதில் ஒன்றும் நடக்காது. எழுபத்தைந்தில் பையன் கொட்டாவி விடுவான். எண்பதைத் தாண்டியதும் வால்வின் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்து, தொண்ணூற்றைந்து வருவதற்குள் முழுக்கத் திறந்துவிடும். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. திறக்கவே இல்லையென்றால் அது செத்துவிட்டது, புதிது போட வேண்டும். அவ்வளவு லேசான சோதனை.

ஆனால் நம் பக்கத்தில் என்ன செய்கிறார்கள்? “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு மாப்ளே, கழட்டி எறி” என்று எடுத்துவிட்டு வெறுமனே மூட்டிவிடுகிறார்கள். வண்டி அப்போதைக்கு ஓடும், சொன்னவரும் கெட்டிக்காரர் ஆகிவிடுவார். இன்றைய எஞ்சினில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு கம்ப்யூட்டர். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அது பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்துப்போகும், தேய்மானம் கூடும். அதைவிட வேடிக்கை, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது இன்னொரு பக்கத்து வழியை அடைக்கிற வேலையையும் அதுவே செய்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றினார்கள், அதனாலேயே சூடேறும்!

கூலன்ட் ஊற்றுவதிலும் பொறுமை வேண்டும். மட மடவென்று ஊற்றி மூடினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து வைத்தே ஊற்றி, ஹீட்டரையும் திறந்துவிட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழ் குமிழாய் வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மேல் ஹோஸில் கை வைத்திருங்கள், கொஞ்ச நேரம் சில்லென்றே இருக்கும். அப்புறம் ஒரு நிமிஷத்தில் சூடு ஓடி வரும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழ் அடங்கியதும் மூடிவிடலாம். காற்றை எடுக்கத் தனித் திருகு வைத்த கார்களும் உண்டு, கையேடு சொல்லும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். கரிசல் ரோட்டுக்காரர்களுக்கு வேண்டிய இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஜாக்கி. கரிசல் மண் காய்ந்திருந்தால் பாளம் பாளமாக வெடித்திருக்கும், நனைந்தால் குழைந்துவிடும். இரண்டிலும் ஜாக்கி நிலையாக நிற்காது. ஒரு ஐப்பசி மழையில் ரோட்டோரத்தில் ஒரு தம்பி, சைலன்சர் தொங்குகிறது என்று ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் நுழைந்துகொண்டிருந்தார். ஜாக்கியின் அடித்தட்டு மண்ணில் இறங்குவது எனக்குத் தெரிகிறது, படுத்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சத்தம் போட்டு வெளியே இழுத்தேன். கெட்டியான தரையில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள். இவ்வளவும் செய்தாலும் அது டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அடியில் போவதென்றால் கட்டாயம் ஸ்டாண்டு வேண்டும். செங்கலை அடுக்கிவிட்டுப் போகாதீர்கள், செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

இரண்டாவது, மாசி பங்குனியில் ரோட்டில் உளுந்துச் செடி, கம்பு, சோளக் கதிர் போட்டுக் காய வைக்கிறோம், வண்டி ஏறினால் மணி உதிரும் என்று. களம் இல்லாத ஊரில் விவசாயி வேறென்ன செய்வார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தட்டையும் கொடியும் காரின் அடியில் ஆக்சிலில் சுற்றிக்கொண்டு சைலன்சர் குழாயில் போய் ஒட்டும். அதிலிருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த தட்டை பிடித்துக்கொள்ள அது போதும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இப்படியே கார்கள் எரிந்து போயிருக்கின்றன. முடிந்தால் சுற்றிப் போங்கள். ஏற வேண்டி வந்தால் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, சுற்றியிருப்பதை ஒரு குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றிப் பேச நேரம் இல்லை. காற்றிலிருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அவ்வளவோடு விடுகிறேன். அடுத்த தடவை காரைப் பட்டறையில் விடும்போது உங்கள் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணாச்சி, என் வண்டியில தெர்மோஸ்டாட் இருக்கா, இல்ல கழட்டியாச்சா?” கழற்றியாச்சு என்று சொன்னால் புதிது வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களுக்கு அது ஒரு தடவை டேங்க் நிரப்புகிற காசைவிடக் குறைவாகத்தான் ஆகும்.