ஆம்பூரில் எத்தனை பேர் இருக்காங்க?

இன்னிக்கு எபிசோடு ஒரே ஒரு எண்ணைப் பத்தி. 1,14,608. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி ஆம்பூர் நகராட்சியில் இருந்தவர்களின் எண்ணிக்கை இது.

ஆம்பூர்னு சொன்னதும் உங்களில் பாதிப் பேருக்கு பிரியாணியும் கத்திரிக்காயும்தான் ஞாபகம் வந்திருக்கும். தப்பில்லை. ஆனா நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒரு டேபிளில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேட்கிறது என் பழக்கம். இது யாரை எண்ணுது? கடைசியா எப்போ அப்டேட் ஆச்சு? இந்த ரெண்டையும் ஆம்பூர்கிட்ட கேட்டா, அந்த ஊரோட கதையே வெளியே வருது.

முதல்ல ஊர் எப்படி வளர்ந்ததுன்னு பார்ப்போம். ஆம்பூர் பாலாற்றங்கரையில், மலைகளுக்கு நடுவே இருக்கிற வழியில் உட்கார்ந்திருக்கு. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மைசூர்ப் பக்கம் போகணும்னா இந்த வழிதான். அதனால்தான் இங்கே சண்டைகள் நடந்தன. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் இங்கேதான் கொல்லப்பட்டார். எதிரே சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை. 1767-ல் ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். அதாவது, ரொம்ப நாள் இது கடந்துபோகிற ஊர். தங்கி வேலை செய்கிற ஊராக அது மாறினது பிறகுதான்.

அதுக்கு முதல் காரணம் ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பாதை பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டு ஆம்பூர் வழியா ஜோலார்பேட்டை வரை போச்சு. சென்னைத் துறைமுகம் திடீர்னு பக்கத்தில் வந்த மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாவது காரணம் தோல். தோல் பதனிட என்னென்ன வேணும்? நிறைய தண்ணீர், அது பாலாற்று மணலுக்கடியில் இருந்தது. ஆவாரம் பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைச்சது. முதல் போட்டு வியாபாரத்தை நடத்தினதில் முஸ்லிம் வணிகர்களுக்குப் பெரிய பங்கு. குழியில் இறங்கி, நாற்றத்துக்கு நடுவே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தலித் மக்கள். ஊரோட வளர்ச்சியைப் பேசும்போது முதல் பாதியைச் சொல்லிட்டு ரெண்டாவது பாதியை விட்டுடுறது வழக்கம். நாம விட வேண்டாம்.

1901-ல் ஆம்பூரின் மக்கள்தொகை சுமார் 16 ஆயிரம். 2011-ல் அது 1,14,608. 110 வருஷத்தில் ஏழு மடங்கு.

நடுவில் ஒரு பெரிய திருப்பம் 1970-களில் வந்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது, இங்கேயே பொருளாக்கி அனுப்புங்கன்னு மத்திய அரசு கொள்கையை மாற்றியது. அப்போதிலிருந்து டேனரிகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் வந்தன. ஷூவோட மேல்பாகத்தை, இங்கே 'அப்பர்'னு சொல்றாங்க, வெட்டித் தைக்க ஆயிரக்கணக்கான கைகள் வேணும். அந்தக் கைகளில் பெரும்பகுதி பெண்களுடையது.

இங்கேதான் நம்ம முதல் கேள்வி வருது. அந்த எண் யாரை எண்ணுது?

நம்ம சென்சஸ் ஒருத்தரை அவர் வழக்கமா வசிக்கிற வீட்டில் எண்ணும். பேரணாம்பட்டிலிருந்தோ மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் வந்து, சாயங்காலம் வரைக்கும் மெஷினில் உட்கார்ந்துட்டுப் போற ஒரு அக்காவை எடுத்துக்கோங்க. விழித்திருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் அவங்க ஆம்பூரில். ஆனா அந்த 1,14,608-ல் அவங்க இல்லை. அதே மாதிரி துத்திப்பட்டு போன்ற பக்கத்து ஊராட்சிகளில் டேனரி இருக்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. ஆனா அங்கே இருக்கிறவங்களும் இந்த எண்ணில் இல்லை, ஏன்னா நகராட்சி எல்லை அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது.

அமெரிக்காவில் சென்சஸ் துறை 'பகல்நேர மக்கள்தொகை'ன்னு தனியா ஒரு கணக்கு போடுது. சின்ன ஊருக்குக்கூட ராத்திரி எத்தனை பேர், பகலில் எத்தனை பேர்னு பார்க்கலாம். நம்ம 2011 கணக்கெடுப்பிலும் வேலைக்கு எவ்வளவு தூரம், எப்படிப் போறீங்கன்னு ஒரு கேள்வி இருந்தது. ஆனா குடிநீர், கழிப்பறை, சாலைன்னு திட்டம் போடும்போது மேஜையில் இருக்கிறது ராத்திரி எண்தான். பகலில் வந்து போற அந்த அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை வேணும், குழந்தையை விட இடம் வேணும். அவங்க கணக்கிலேயே இல்லைன்னா யார் கேட்பாங்க?

இன்னொரு வகை ஆட்கள் இருக்காங்க. வேலை செய்கிற இடத்திலேயே தூங்குறவங்க. இதே பாலாற்றங்கரையில், வேலூரைத் தாண்டி ராணிப்பேட்டை. 2015 ஜனவரி கடைசியில் அங்கே சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் ராத்திரியில் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தாங்க. அதில் பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவங்க. அத்தனை தூரம் வந்து உழைச்சவங்க இங்கே இருக்காங்கன்னு வெளியே பல பேருக்குத் தெரிஞ்சதே அவங்க இறந்த பிறகுதான்.

மூன்றாவது, தண்ணீரை இழந்தவங்க. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதுக்கான விலையைத் தரணும்ங்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கின முக்கியமான தீர்ப்பு அது. டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போச்சுன்னு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு பத்தி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு கொடுத்து, இழப்பீடு தரவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவில் 28 வருஷம். ஊர் வளர்ந்ததுக்கான பில் பல கிராமங்களுக்குப் போயிருக்கு. அந்தக் கிராமத்துக்காரங்களும் ஆம்பூர் எண்ணில் கிடையாது.

இப்போ ரெண்டாவது கேள்வி. கடைசி அப்டேட் எப்போ? 2011. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்ததுக்கு அரசு அறிவிச்சிருக்கிற தேதி 2027 மார்ச் 1. 16 வருஷ இடைவெளி. இதுக்குள்ள மாவட்டமே மாறிடுச்சு. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு, பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கு. நான் சொன்ன அந்த அக்கா இப்போ தினமும் ஒரு மாவட்டத்தில் தூங்கி, இன்னொரு மாவட்டத்தில் வேலை செய்றாங்க. இந்த ரெண்டு கலெக்டர் ஆபீஸில் எது அவங்களுக்குப் பொறுப்பு?

தோல் தொழிலை மூடணும்னு நான் சொல்லலை. அந்தச் சம்பளத்தில் படிச்சு மேலே வந்த குடும்பங்கள் நிறைய. நான் சொல்றது இவ்வளவுதான்: ஒரு ஊரை யார் நடத்துறாங்களோ அவங்களும், அந்த ஊருக்காக யார் இழந்தாங்களோ அவங்களும் அந்த ஊரின் கணக்கில் வரணும்.

கணக்கெடுக்க வர்றவங்க வேலை, பயணம், எங்கிருந்து வந்தீங்கன்னு கேட்டா, 'அதெல்லாம் எதுக்கு, சும்மா போட்டுக்கோங்க'ன்னு சொல்லிடாதீங்க. வீட்டில் அம்மாவோ அக்காவோ கம்பெனிக்குப் போறாங்கன்னா அதை ஒழுங்கா எழுத வையுங்க. வாடகைக்கு இருக்கிற வெளிமாநிலத்துக்காரங்க பெயரும் விட்டுப்போகாமப் பாருங்க.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கேட்கிறவங்க, உங்க வீட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறுறவங்க இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எங்கே ஏறுறாங்க, எவ்வளவு நேரம் ஆகுது, அது போதும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.