அயர்லாந்தின் பேரேரி

ஏரி என்று சொன்னவுடன் தமிழர்களாகிய நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது கரை. மண்ணை வெட்டிக் கொட்டி உயர்த்திய கரை. அதன் நடுவே ஒரு மதகு. மிகுந்த நீர் வழிந்தோட ஒரு கலிங்கு. அப்பால் பச்சை வயல். நம் மொழியில் ஏரி என்பது பெரும்பாலும் மனிதன் கட்டியது. இன்று நாம் காணப்போகும் ஏரியோ எவரும் வெட்டாதது, எவரும் கட்டாதது. அயர்லாந்துத் தீவின் வடகிழக்கில், பெல்பாஸ்ட் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் அது பரந்து கிடக்கிறது. அதன் பெயர் லாக் நே. ஐரிஷ் மொழியில் 'லாக்' என்றாலே ஏரிதான். ஆகவே நாம் அதனை நே ஏரி என்று வழங்குவோம்.

நே ஏரியின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அகலம் சுமார் 15 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டர். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இதனினும் பரந்த நன்னீர் ஏரி வேறில்லை. வட அயர்லாந்து ஆறு மாவட்டங்களைக் கொண்ட சிறு நாடு. அவற்றுள் ஆன்ட்ரிம், டௌன், ஆர்மா, டைரோன், லண்டன்டெரி ஆகிய ஐந்தும் இந்த ஏரியின் கரையைத் தொடுகின்றன. பெர்மானா ஒன்றே விலகி நிற்கிறது. அதற்கு எர்ன் என்னும் தனி ஏரி உண்டு.

பரப்பில் பெரிதேயன்றி ஆழத்தில் இது பெரிதன்று. சராசரி ஆழம் 9 மீட்டரே. கரைகளும் தாழ்வானவை. மலைகள் சூழ்ந்து நிழல் விழும் ஏரிகளைப் படத்தில் கண்டு பழகியவருக்கு முதற்பார்வையில் இது ஏமாற்றமாகவும் தோன்றலாம். ஆனால் காற்று எழும்பிவிட்டால் ஆழமற்ற நீரில் அலைகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் கிளம்பும். அப்போது நே ஏரி ஒரு சிறு கடலாகிவிடும். பழகிய படகோட்டியும் கரையைத் தேடுவான்.

இந்தப் பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று? ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. பின்னர் அந்தக் கருங்கற் பீடத்தின் ஒரு பகுதி மெல்ல மெல்ல அமிழ்ந்தது. அமிழ்ந்த இடத்தில் களிமண் படிந்தது. பனியூழியின் பனிப்பாறைகள் அதனை மேலும் செதுக்கின. பனி உருகியபோது நீர் நிறைந்தது. இது புவியியலார் கூறும் வரலாறு.

நாட்டு மக்கள் கூறும் வரலாறு வேறு. பின் மக்கூல் என்னும் வீர அரக்கன் ஸ்காட்லாந்து அரக்கன் ஒருவன்மீது எறிவதற்காக ஒரு பிடி மண்ணை அள்ளினானாம். அள்ளிய பள்ளம் நே ஏரியாயிற்று. குறி தவறிக் கடலில் விழுந்த மண் மான் தீவாயிற்று. அளந்து பார்ப்பவர், பள்ளத்தைவிடத் தீவு பெரிதாயிற்றே என்று கேட்பர். அரக்கனின் கைக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏது?

இன்னொரு கதை இதனினும் பழையது. எயோகு என்னும் தலைவன் பெயரால் இது எயோகுவின் ஏரி என்று பெயர் பெற்றதாம். மாயக் குதிரை ஒன்று நின்ற இடத்தில் ஊற்றுக் கிளம்பியது. அதன்மேல் வீடு கட்டி, கிணற்றுக்கு மூடியிட்டு, காவலுக்கு ஒருத்தியை வைத்தனர். ஒருநாள் மூடி திறந்தபடியே விடப்பட்டது. நீர் பொங்கி ஊரையே மூழ்கடித்தது. தலைவனின் மகள் லீபன் மட்டும் தப்பி, மீன்மகளாகி முந்நூறு ஆண்டுகள் நீரில் வாழ்ந்தாள். சிறு கவனக்குறைவு ஒன்று ஊரை அழித்த கதை இது. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

ஏரிக்குள் வந்து சேரும் முக்கிய ஆறுகள் ஆறு: மேல் பான், பிளாக்வாட்டர், பாலிண்டெரி, மொயோலா, மெய்ன், சிக்ஸ் மைல் வாட்டர். வெளியேறும் ஆறு ஒன்றே. அது கீழ் பான். வடக்கே டூம் என்னும் ஊரில் ஏரியை விட்டுப் புறப்பட்டு, கோல்ரெய்ன் நகரைக் கடந்து, அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. டூமில் அடைப்புக் கதவுகள் அமைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றனர். எவரும் கட்டாத இந்த ஏரிக்கும் கடைசியில் ஒரு மதகு வந்து சேர்ந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் வெள்ளத்தைத் தடுக்க நீர்மட்டத்தைப் பலமுறை தாழ்த்தினர். தென்கரையில் உள்ள ஆக்ஸ்போர்டு தீவு இதனால்தான் தீவு என்னும் பெயரோடு மட்டும் நிற்கிறது. இன்று அது நிலத்தோடு ஒட்டிய முனை.

சுற்றிப் பார்க்க வருவோர் பலர் அங்கிருந்தே தொடங்குவர். நாணற்புதர்களுக்கு நடுவே மறைவிடங்கள் உண்டு. பறவைகளை அச்சுறுத்தாமல் காணலாம். குளிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து அன்னங்கள் வருகின்றன. மூழ்கி இரை தேடும் வாத்தினங்கள் ஒரு காலத்தில் பல்லாயிரமாகத் திரண்டன. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இந்த ஏரி 1976ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. மே மாதத்தில் வேறொரு காட்சி. கடிக்காத சிறு ஈக்கள் கோடிக்கணக்கில் நீரிலிருந்து எழுந்து, மரங்களுக்கு மேல் புகைத்தூண் போலச் சுழலும். புதியவர் எங்கோ தீப்பற்றிவிட்டது என்றே எண்ணுவர். அந்த ஈயின் புழுவே மீனுக்கும் வாத்துக்கும் உணவு.

மேற்குக் கரையில் ஆர்ட்போ என்னும் மேடு. பசுவின் மேடு என்பது பொருள். மாயப் பசு ஒன்றின் பாலைச் சாந்தில் குழைத்து அங்கே மடம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. மடம் மறைந்துவிட்டது, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை நிற்கிறது. ஏறத்தாழ 18 அடி உயரம். அதன் முகங்களில் விவிலியக் காட்சிகள் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டுள்ளன. படிக்கத் தெரியாத மக்களுக்கு அதுவே புத்தகமாயிருந்தது. நம் கோயிற் சுவர்களில் புராணக் கதைகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வடகிழக்கே ஆன்ட்ரிம் நகரில் 90 அடிக்கு மேல் உயர்ந்த வட்டக் கோபுரம் இன்றும் சிதையாமல் நிற்கிறது. ஏரிக்குள் உள்ள ராம் தீவிலும் அத்தகைய கோபுரத்தின் அடிப்பகுதி உண்டு.

இவையெல்லாம் கல்லில் நிற்கும் வரலாறு. நே ஏரியின் உயிருள்ள வரலாறு விலாங்கு மீன்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பது நம் பழமொழி. அதன் வாழ்க்கையோ பழமொழியினும் விந்தையானது. ஐரோப்பிய விலாங்கு பிறப்பது அட்லாண்டிக் பெருங்கடலின் மறுபக்கத்தில், சர்காசோ கடலில். அங்கே அது முட்டையிடும் காட்சியை எவரும் கண்டதில்லை. இலை போன்ற சிறு குஞ்சுகள் இரண்டு மூன்று ஆண்டுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து, 5,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, அயர்லாந்துக் கரையை அடைகின்றன. கண்ணாடி போன்ற உடலுடன் பான் ஆற்றில் எதிரேறி நே ஏரிக்குள் புகுகின்றன. அங்கே பத்து, இருபது ஆண்டுகள் வளர்கின்றன. பின் ஓர் இலையுதிர் காலத்து இருண்ட இரவில், புயலும் மழையும் சேர்ந்தடிக்கும் வேளையில், வெள்ளி நிறம் பூண்டு, பிறந்த கடலை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் வாழ்வைக் கழித்தாலும் பிறந்த இடத்தின் வழியை மறவாதிருப்பது எத்தகையது என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் அறியாதவர்கள் அல்லோம்.

கோல்ரெய்னுக்கு அருகே மவுண்ட் சாண்டல் என்னுமிடத்தில் 1970களில் அகழ்ந்தபோது, 9,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட குடிசைகளின் அடையாளங்கள் கிடைத்தன. அங்கிருந்த எலும்புகளுள் விலாங்கின் எலும்புகளும் இருந்தன. அன்று தொடங்கிய தொழில் நம் காலம்வரை நீடித்தது. ஆயிரங்கால் தூண்டிலில் மண்புழுவைக் கோத்து மாலையில் இறக்கி, விடியலில் இழுப்பார்கள். பான் ஆற்றின் குறுக்கே வலைகட்டிக் கடலுக்குத் திரும்பும் மீனையும் பிடிப்பார்கள். ஆனால் ஆற்றை முழுவதும் அடைக்கக்கூடாது. மீன் தப்பிச் செல்ல ஒரு வழி விட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்த வழிக்கு அரசியின் வாசல் என்று பெயர். பிடிப்பவனே பிழைப்புக்கு வழி விடும் இந்த முறை அறிவுடைமை அன்றோ!

எனினும் அந்த மீன் யாருக்கு உரியது என்பதில் நெடுங்காலம் வழக்கு நிகழ்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் அரசர் வழங்கிய உரிமையைக் காட்டிச் செல்வர்கள் ஏரியைத் தமதென்றனர். தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த கரையோர மக்கள், இது எங்கள் நீர் என்றனர். 1911இல் பிரபுக்கள் சபை செல்வர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு நிறுவனம் உரிமையை வைத்திருக்க, மீனவர் அதனிடமே விற்க நேர்ந்தது. 1965இல் ஆலிவர் கென்னடி என்னும் பாதிரியாரின் தலைமையில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முதலில் நிறுவனத்தின் பங்குகளுள் ஒரு பகுதியை வாங்கினர். 1971இல் எஞ்சியதையும் வாங்கினர். நீதிமன்றத்தில் தோற்ற உரிமையைச் சந்தையில், காசு சேர்த்து, விலைக்கு வாங்கிவிட்டனர். லண்டனுக்கும் ஹாலந்துக்கும் விலாங்கு சென்றது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய காட்டு விலாங்குத் தொழில் என்று பெயர் பெற்றது. 2011இல் நே ஏரி விலாங்கிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. டூமுக்கு அருகே 1939இல் பிறந்து, 1995இல் நோபெல் பரிசு பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி இந்த மீனவரைப் பற்றித் தொடர்கவிதையே எழுதியுள்ளார்.

இத்தனை பெருமையுடைய ஏரிக்கு இன்று நேர்ந்தது என்ன?

2023ஆம் ஆண்டுக் கோடையில் நீர்ப்பரப்பெங்கும் பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியது போல நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. துர்நாற்றம் வீசியது. இந்தப் பாசி நஞ்சை உண்டாக்கக்கூடியது. குளிக்க வேண்டாம், நாய்களை நீரில் விட வேண்டாம் என்று எச்சரித்தனர். கீழ் பான் அதனைக் கடல்வரை கொண்டு சென்றது. வடகடற்கரையிலும் குளிப்பவர்களைத் தடுக்க நேர்ந்தது. வட அயர்லாந்தின் குடிநீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்த ஏரியிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை எண்ணினால் மக்களின் அச்சம் விளங்கும். அவ்வாண்டு செப்டம்பரில் பாலிரோனன் கரையில் கூடிய மக்கள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து சென்று, ஏரிக்கே துக்கம் கொண்டாடினர். அடுத்த ஆண்டுகளிலும் பாசி திரும்பி வந்தது. 2024இல் விலாங்கின் உடலில் போதிய கொழுப்பில்லை, தரம் குறைந்தது என்று மீன்பிடிப்பையே இடைநிறுத்தினர்.

காரணம் ஒரே நாளில் வந்ததன்று. வட அயர்லாந்து நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் விழும் மழைநீர் நே ஏரிக்கே வடிகிறது. வயலுக்கு இட்ட உரமும், கால்நடைப் பண்ணைகளின் சாணக் கழிவும், நகரங்களின் சாக்கடை நீரும், வீடுகளின் கழிவுத் தொட்டிகளும் பாஸ்பரஸ் என்னும் சத்தை அந்நீரில் கலந்தன. நிலத்தில் பயிரை வளர்க்கும் அதே சத்து நீரில் பாசியை வளர்த்தது. ஏரிக்குச் சேரும் பாஸ்பரஸில் பத்தில் ஆறு பங்கு அளவு விவசாயத்திலிருந்து வருவதாக அரசு கணக்கிட்டுள்ளது. வெளியிலிருந்து வந்து பெருகிய வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்க, சூரிய ஒளி ஆழத்துக்கு இறங்கிப் பாசிக்கு உதவிற்று. உலகம் வெப்பமேறியது, ஏரி நீரும் வெப்பமேறியது. பல ஆண்டுகளாக ஏரியின் அடிச்சேற்றில் தங்கிய பாஸ்பரஸோ, இன்று எல்லா வாய்க்கால்களையும் அடைத்தாலும் நெடுநாள் கசிந்துகொண்டேயிருக்கும்.

2024 ஜூலையில் அரசு 37 நடவடிக்கைகள் கொண்ட திட்டத்தை ஏற்றது. ஏரியின் அடிநிலம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் குடும்பச் சொத்து. அதனைப் பொது அமைப்பொன்றிடம் ஒப்படைப்பது பற்றிப் பேசப்பட்டு வருகிறது. அடிநிலம் ஒருவருக்கு, மீன் மற்றொருவருக்கு, குடிநீர் ஒரு துறைக்கு, மதகு இன்னொரு துறைக்கு என்று பிரிந்து கிடந்ததில், நீர் முழுவதற்கும் பொறுப்பேற்பவர் இல்லாமற் போயிற்று. பழங்கதையில் மூடியைத் திறந்து விட்டவள் ஒருத்தி. இன்றைய கதையில் ஆளுக்குச் சிறிது திறந்துவிட்டனர். அவர்களுள் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இலர்.

நேயர்களே, இது தொலைவான நாட்டின் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம்முள் போபாலில் வாழ்வோர் அங்குள்ள பெரிய ஏரியின் நீரைக் குடிக்கின்றனர். பெங்களூரில் வாழ்வோர் பெல்லந்தூர் ஏரி நுரை கக்கித் தெருவுக்கு வந்ததைக் கண்டிருக்கின்றனர். நாம் பிறந்த ஊரின் ஏரியை நினைந்து உருகுவது இயல்பே. ஆனால் நாம் அன்றாடம் கைகழுவும் நீர் ஓடிச் சேர்வது, இன்று நாம் வாழும் ஊரின் ஏரியில். அது எங்கே இருக்கிறது, அதற்குள் எந்த வாய்க்கால் விழுகிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதனை அறிந்துகொள்வதே முதல் வேலை. நே ஏரியின் மக்கள் நீருக்குத் துக்கம் கொண்டாடிய பிறகே அதன் கணக்கைக் கேட்கத் தொடங்கினர். நாம் அதற்கு முன்னரே கேட்போமாக.