குற்றவாளி தெரிந்த பிறகு

‘சுழல்’ என்ற தமிழ்த் தொடரின் முதல் எபிசோடை வைத்துக்கொண்டு, கொலை மர்மக் கதைகளிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். புஷ்கர், காயத்ரி இருவரும் உருவாக்கி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கிய இந்தத் தொடர் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் எட்டு எபிசோடுகளாக வந்தது. சாம்பலூர் என்ற கற்பனையான மலையூர். அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். அவர் தலைமையில் தொழிலாளர்கள் நிர்வாகத்தை எதிர்த்து நிற்கிறார்கள். ஒரு ராத்திரி ஆலை தீப்பிடித்து எரிகிறது. அதே ராத்திரி சண்முகத்தின் இளைய மகள் நிலாவைக் காணவில்லை. ஊர் முழுக்கத் தீயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பெண் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. முதல் எபிசோடின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். சத்தமான குற்றம் ஒன்று, சத்தமே இல்லாத குற்றம் ஒன்று. இரண்டையும் ஒரே ராத்திரியில் வைத்து, உன் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறவரைக் கேட்கிறது கதை. கதிர் நடித்த எஸ்.ஐ. சக்கரையும், ஸ்ரேயா ரெட்டி நடித்த இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் முதலில் விசாரிப்பது ஆலை விவகாரத்தை. நாமும் அவர்கள் பின்னாலேயே போகிறோம்.

இந்த ஊரில் அப்போது நடக்கும் திருவிழா மயானக் கொள்ளை. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அது நெருப்பும் சிவப்பும் பம்பைச் சத்தமுமாக ஒரு பயங்கரக் காட்சி. தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அது வருசா வருசம் மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மாசி அமாவாசைத் திருவிழா. அங்காளம்மன் புறப்பாடு, காளி வேடம் போட்டவர்களின் ஆட்டம், முறத்தால் அடித்துப் பேயோட்டுவது, சுடுகாட்டில் மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் உருவம், அங்கே சூறை விடும் தானியமும் காய்கறியும் சுண்டலும் காசும், அதில் ஒரு பிடியாவது எடுத்துப்போய் வயலில் போட்டால் வெள்ளாமை பொய்க்காது என்று முண்டியடிக்கும் கூட்டம் எல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்ததே. தொடர் இந்தத் திருவிழாவை ஒரு மலையூருக்குக் கொண்டுபோய், வேண்டியபடி நீட்டியும் அலங்கரித்தும் காட்டுகிறது. வடமாவட்டங்களின் சடங்கு வெறும் பின்னணித் திரையாகிவிட்டதே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தத் திருவிழாவுக்குப் பின்னால் இருக்கும் கதையை நினைத்துப் பார்த்தால், இந்தத் தொடருக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது என்றே சொல்வேன்.

அந்தக் கதை ஒரு குற்றத்தில் தொடங்குகிறது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எடுக்கிறார். கொலைப்பாவம் பிடிக்கிறது, வெட்டிய தலையின் கபாலம் கையை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொள்கிறது. பிச்சையில் விழும் சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிடுகிறது. கடைசியில் மேல்மலையனூர் மயானத்தில் அம்மன் உணவை இறைக்க, அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்குகிறது. அம்மன் விசுவரூபம் எடுத்து அதை மிதித்து அடக்குகிறாள். இந்தக் கதையில் கொன்றவர் யார் என்ற கேள்வியே கிடையாது. சாட்சியம் கையிலேயே ஒட்டியிருக்கிறது, உலகமே பார்க்கிறது. செய்தது ஊரறிந்த பிறகு அதை எப்படித் தீர்ப்பது, யார் தீர்ப்பது, எந்த இடத்தில் தீர்ப்பது என்பதுதான் கதை முழுக்கவும். சிலப்பதிகாரமும் அப்படித்தான். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது கேட்பவருக்கு முன்னமே தெரியும். தெரிந்த உண்மையை அரசன் காதில் ஏற்றக் கண்ணகி சிலம்பை உடைத்து, முத்தில்லை மாணிக்கம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் கோவலன் போய்விட்டான்.

ஆகவே என் வாதம் இது: ஒரு மர்மத் தொடர் நல்லதா என்பதை, குற்றவாளியை அது எத்தனை எபிசோடு ஒளித்து வைத்தது என்பதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. தெரிந்த உண்மை ஊர் காதில் ஏறுவதற்கு என்னென்ன தடை இருக்கிறது என்பதை எவ்வளவு நேர்மையாகக் காட்டியது என்பதைப் பார்க்க வேண்டும். ‘சுழல்’ தொடரைப் பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் நிலா காணாமல் போனதன் வேர், அந்த ராத்திரிக்குப் பல வருசம் முன்னால், யாரும் கேட்டறியாமல் போன ஒரு தீங்கில் இருக்கிறது. ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த நந்தினி, நிலாவின் அக்கா, முதல் எபிசோடிலிருந்தே அப்பாவின் வீட்டோடு ஒட்டாமல் விலகி நிற்பதைக் கவனியுங்கள். அந்த விலகலே ஒரு வாக்குமூலம். நாம் அதைக் குடும்பச் சண்டை என்று தள்ளிவிட்டு ஆலையில் தடயம் தேடுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மர்மக் கதை என்பது அறிவுக்கு ஒரு விளையாட்டு. முடிச்சு போட்டு அவிழ்ப்பதுதான் அதன் சுகம். அதன் தலையில் சமூகப் பாரத்தை ஏற்றினால் கதை செத்துப்போகும் என்பார்கள். முடிச்சின் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து ராஜேஷ்குமார் காலம் வரை தமிழர்கள் அந்தச் சுகத்துக்காகவே பாக்கெட் காசைச் செலவழித்து நாவல் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் முடிச்சு எதற்குப் போடப்பட்டது என்பதும் முக்கியம். 1954இல் எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுடப்பட்டுச் சாகிறார். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையும் சுட்டவரை நோக்கிப் போவதோடு, செத்தவர் உண்மையில் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் திறந்துகொண்டே வருகிறது. பாட்டே இல்லாத அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறதென்றால், முடிவு தெரிந்த பிறகும் திரும்பப் பார்க்க அதில் விஷயம் இருப்பதால்தான். ‘சுழல்’ இரண்டாம் பாகத்தை உருவாக்கியவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்றே படுகிறது. 2025 பிப்ரவரியில் வந்த அந்தப் பாகத்தில், ஒரு வக்கீலின் கொலைக்கு எட்டு இளம்பெண்கள் தனித்தனியே ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்கிறார்கள். போலீசுக்குக் கொலையாளி கிடைக்காதது பிரச்சினை இல்லை. அளவுக்கு மீறிக் கிடைத்துவிட்டதுதான் பிரச்சினை. ‘யார்’ என்ற கேள்வி அந்த இடத்தில் ஓய்ந்து, ‘ஏன்’ என்பது எழுந்து நிற்கிறது.

இந்த வாதத்துக்கு நம் தருமபுரி மாவட்டத்திலேயே கனமான சான்று ஒன்று இருக்கிறது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரச் சோதனை என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். ஊர்மக்களை ஆலமரத்தடியில் கூட்டினார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அதாவது, பாதிக்கப்பட்டவர்கள்தான் முதலில் குற்றவாளிகள் ஆனார்கள். இங்கே எந்த மர்மமும் இல்லை. வந்தவர்கள் முகமூடி போட்டு வரவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள், ஊரே பார்த்த முகங்கள். ஆனாலும் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போக 1995 வரை ஆனது. தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. நீதிபதி பி.வேல்முருகன் அதற்கு முன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்திருந்தார். யார் செய்தார்கள் என்பது முதல் நாளே தெரிந்த குற்றத்துக்கு 31 வருசம்.

ஓர் ஊரின் ரணத்தை ஒரு பொழுதுபோக்குத் தொடரோடு சேர்த்துப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் ஓடிடியில் மாதம் இரண்டு கொலைத் தொடர் பார்க்கும் வீடுகளில், குற்றம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தை அந்தத் தொடர்களே உருவாக்குகின்றன. குற்றவாளி கெட்டிக்காரன், தடயம் ஒளிந்திருக்கும், போலீஸ் கண்டுபிடித்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று பழகிப்போகிறோம். அப்படிப் பழகிய மனசு, ஒரு பெண் பெயரைச் சொல்லி, நாளைச் சொல்லி, ஆளைக் கைகாட்டும்போது ‘இதில் என்னமோ இருக்கு’ என்று மர்மம் தேட ஆரம்பிக்கிறது. வாச்சாத்திப் பெண்களுக்கு எதிராக நின்றது தடயம் கிடைக்காத சிக்கல் இல்லை. உத்தியோகத்தில் இருப்பவர்கள் இப்படிச் செய்வார்களா என்ற நம்ப மறுப்புதான் அவர்கள் முன்னால் சுவராக நின்றது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வருசக்கணக்காகப் பக்கத்தில் நின்றதால்தான் அந்தச் சுவர் இடிந்தது.

‘சுழல்’ தொடரின் முதல் எபிசோடை மறுபடி பார்க்கிறவர்கள், நிலாவைக் காணோம் என்று சொன்ன பிறகு ஒவ்வொருவர் வாயிலும் முதலில் என்ன வருகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். யாரோடு போனாள், யார் பழிவாங்கினார்கள், சங்கத்துக்கும் ஆலைக்கும் என்ன பகை என்று ஆளுக்கொரு ஊகம் தயாராக இருக்கிறது. அந்த வீட்டில் இதற்கு முன் யாராவது எதையாவது சொல்ல முயன்றார்களா என்ற கேள்வி மட்டும் ரொம்ப நேரம் எழவே இல்லை. தொடர் எடுப்பவர்கள் இனி எழுதப்போகும் கதைகளில் அந்தக் கேள்விக்கு முதல் எபிசோடிலேயே இடம் கொடுக்கலாம். புகார் சொல்ல ஸ்டேஷன் படியேறிய பெண்ணை ரைட்டர் எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார், எந்த வார்த்தையை விட்டுவிட்டு எழுதிக்கொள்கிறார், திரும்பிப் போகும்போது அவள் கையில் ரசீது இருந்ததா என்பதை ஒரு முழுக் காட்சியாக எடுத்தால், எந்த முடிச்சுக்கும் குறையாத பதைப்பு அதில் இருக்கும்.